அரிசி ஆலை பேனலில் நெட்வொர்க்: இணைப்பதும் பூட்டுவதும்

டெல்டாவின் நவீன அரிசி ஆலைகளில் ஊறல் தொட்டி, பாய்லர், டிரையர், எலிவேட்டர் எல்லாம் இன்று பேனலில் (கட்டுப்பாட்டுப் பெட்டியில்) இருக்கும் பி.எல்.சி. என்ற சிறு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் சொன்னபடிதான் ஓடுகின்றன. தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது பேனல் ஒரு நாள் முடங்கினாலும் தொட்டியில் ஊறிய நெல் புளித்து வாடை பிடித்துவிடும். கீழே சொல்லும் வேலைகளை மார்கழிக்குள் முடித்துவிடுங்கள்.

முதலில் பேனலைத் திறந்து, நெட்வொர்க் கேபிள் செருகியுள்ள ஒவ்வொரு கருவியின் பெயர், மாடல், ஐ.பி. முகவரி, கேபிளின் மறுமுனை போகும் இடம் ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். மறுமுனை தெரியாத கேபிள் ஏதாவது இருந்தால் அதைத் தேடிப் பிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம். பல ஆலைகளில் அது ஆபீஸ் வைஃபை ரவுட்டரில் போய்ச் சேரும். கணக்கு கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர், லாரிக்காரர் கையில் இருக்கும் போன் எல்லாம் அதே ரவுட்டரில்தான். பி.எல்.சி. அவற்றோடு ஒரே திண்ணையில் உட்காரக் கூடாது.

பேனலுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். 24 வோல்ட் டி.சி.யில் ஓடும், டின் ரயிலில் (பேனலுக்குள் கருவி மாட்டும் உலோகப் பட்டையில்) மாட்டும் வகை போதும். ஆபீஸ் 192.168.1 வரிசையில் இருந்தால் பேனலுக்கு 192.168.50 வரிசை கொடுங்கள். முகவரியின் கடைசி எண்ணாக பி.எல்.சி.க்கு 10, ஹெச்.எம்.ஐ.க்கு (பேனலின் தொடுதிரைக்கு) 20, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்களுக்கு 31 முதல், சர்வீஸ் லேப்டாப்புக்கு 200. எல்லாம் கையால் போட்ட நிலையான முகவரிகளாக இருக்கட்டும். வெளியே பேசத் தேவையில்லாத கருவிகளில் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழிகாட்டும் முகவரி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். பிற நெட்வொர்க்கிலிருந்து கேள்வி வந்தாலும் அவற்றால் பதில் அனுப்ப முடியாது.

அரவைக் கணக்கு ஆபீஸுக்குப் போக வேண்டுமானால் நடுவில் ஃபயர்வால் (அனுமதித்த தொடர்பை மட்டும் விடும் கருவி) வைத்து, குறிப்பிட்ட ஒரே கம்ப்யூட்டருக்குக் குறிப்பிட்ட ஒரே போர்ட்டை (தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாசலை) மட்டும் திறங்கள். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு இரு பக்கமும் செருகுவது பலர் செய்யும் குறுக்குவழி. அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் நுழைந்தால் ஃபயர்வால் இருந்தும் பயனில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்துவிட்டது. அதில் ஓடும் பழைய ஸ்காடா (ஆலையைத் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்) கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் தரவே வேண்டாம்.

ஹெச்.எம்.ஐ. அடிக்கடி இணைப்பை இழந்தால் உடனே ஹேக்கரைச் சந்தேகிக்காதீர்கள். ஒரே முகவரி இரண்டு கருவிக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்தேகப்படும் கருவியின் கேபிளை உருவிவிட்டு லேப்டாப்பிலிருந்து அதன் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். பதில் வந்தால் வேறொன்று அதே முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த காரணம் டிரைவ் கக்கும் மின் இரைச்சல். ஷீல்டு உள்ள கேபிள் போட்டு, மோட்டார் கேபிளிலிருந்து 20 செ.மீ. தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கிட்டே தீர வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. பாய்லர் ஷெட்டுக்கும் மில்லுக்கும் நடுவே வெட்டவெளி இருந்தால் தூரம் குறைவானாலும் ஃபைபர் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் செம்பு வழியே வரும் மின்னெழுச்சி இரு பக்கத்திலும் கேபிள் செருகும் துளையின் மின்சுற்றை எரித்துவிடும். உமித்தூசியும் எலியும் தனித் தொல்லை. கேபிள் நுழையும் ஒவ்வொரு ஓட்டைக்கும் கிளாண்டு (கேபிளை இறுக்கி ஓட்டையை அடைக்கும் மூடி) மாட்டி, வெளியே போகும் கேபிளை ஜி.ஐ. பைப்புக்குள் விடுங்கள்.

டிரைவ்கள் ஆர்.எஸ்.-485 என்ற இரண்டு ஒயர் இணைப்பில், மோட்பஸ் என்ற கருவிகளின் பேச்சு முறையில் இருந்தால் ஒயர் சங்கிலிபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டும், கிளை பிரியக் கூடாது. இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி இரண்டு ஒயருக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். ஏறத்தாழ 60 ஓம் காட்டினால் சரி; 120 என்றால் ஒன்று விடுபட்டிருக்கிறது, 40 என்றால் ஒன்று கூடுதல். ஏ, பி என்ற பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்லாம் சரியாக இருந்தும் பேசாவிட்டால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, வெளியூர் சர்வீஸ்காரருக்காக மாட்டும் 4ஜி ரவுட்டர். நிலையான பொது ஐ.பி. உள்ள சிம் போட்டு, 502, 5900 போர்ட்டுகளை நேரே திறந்துவிடுகிறார்கள். 502 மோட்பஸ்ஸுக்கு உரியது. பழைய மோட்பஸ் யார் என்று கேட்காது. மோட்டாரை ஓட்டு என்றால் ஓட்டும். 5900 ஹெச்.எம்.ஐ. திரையைத் தூரத்தில் காட்டும் போர்ட். நவம்பர் 2023இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா ஊர் குடிநீர் வாரியத்தின் அழுத்தமேற்றும் நிலையத்தில் ஒரு பி.எல்.சி.யை வெளியாட்கள் பிடித்தார்கள். ஊழியர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கையால் ஓட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வகைக் கருவிக்குக் கம்பெனி வைத்த கடவுச்சொல் 1111.

உங்கள் ஆலையின் நிலையை இப்போதே சோதிக்கலாம். உங்கள் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ரவுட்டரின் பொது முகவரியை பிரவுசரில் அடியுங்கள். லாகின் பக்கமோ திரையோ வந்தால் ஊருக்கே கதவு திறந்திருக்கிறது. எதுவும் வராவிட்டாலும் ரவுட்டருக்குள் போய், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேரே உள்ளே விடும் வழிகள்) பட்டியலில் இருப்பதை அழித்து, வி.பி.என். (கடவுச்சொல்லோடு நுழையும் மறைகுறியீட்டு வழி) வழியை மட்டும் வையுங்கள். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். பிறகு, ரவுட்டருக்குப் போகும் 24 வோல்ட்டைப் பேனல் கதவில் ஒரு சாவி சுவிட்ச் வழியே விடுங்கள். சர்வீஸ்காரர் போன் செய்தால் திறப்பது, முடிந்ததும் சாவியை எடுப்பது. மறந்துபோகும் ஆலைக்கு 2 மணி நேர டைமர் ரிலே சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் கணிப்பில் விலையுயர்ந்த எந்தச் சாஃப்ட்வேரையும்விட இந்தச் சாவி நம்பகமானது.

பி.எல்.சி.யில் சாவி இருந்தால் ரன் நிலையில் வைத்து உருவிவிடுங்கள். பாய்லரின் நீர்மட்டம், அழுத்தம் பார்த்து ஆபத்தில் தானாக நிறுத்தும் டிரிப்புகளும் எமர்ஜென்சி ஸ்டாப்பும் நேரடி ஒயரிங்கில்தான் வேலை செய்ய வேண்டும், நெட்வொர்க்கை நம்பக் கூடாது. எலிவேட்டர் அடியில் ஒருவர் அடைப்பெடுக்கும்போது தூரத்திலிருந்து யாரும் மோட்டாரைக் கிளப்ப முடியாதபடி பக்கத்திலேயே ஐசொலேட்டர் (மின்சாரத்தை முழுதும் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்துப் பூட்டுங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

பேக்கப்பைக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்: குறிப்புகளோடு கூடிய பி.எல்.சி. புரோகிராம், ஹெச்.எம்.ஐ. மூலக் கோப்பு, டிரைவ் பாராமீட்டர்கள், எல்லாக் கடவுச்சொற்களும். பல ஹெச்.எம்.ஐ.களிலிருந்து மூலக் கோப்பைப் பிறகு எடுக்கவே முடியாது. ஒரு பிரதி நெட்வொர்க்கில் சேராத டிஸ்க்கில், பீரோவில் இருக்கட்டும்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தாலோ செட்டிங் மாறியிருந்தாலோ ரவுட்டர் கேபிளை உருவி, செலக்டரை மேனுவலுக்குத் திருப்புங்கள். கம்ப்யூட்டரை அணைக்காமல், ஃபார்மட் செய்யாமல் திரையைப் படமெடுங்கள். தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஏப்ரல் 2022 உத்தரவு. பணமும் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். பிறகு பீரோவில் இருக்கும் பிரதியைப் பி.எல்.சி.யில் ஏற்றி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, நெல் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அரவையைத் தொடங்குங்கள்.