காவிரியில் துடுப்புப் பயணம்: தன்னார்வலர்கள் நடத்துவது எப்படி?

பெங்களூருக்குள் துடுப்புப் போட நல்ல ஆறு கிடையாது. விருஷபாவதி நகரத்தின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு போய் அர்க்காவதியில் கலக்கிறது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போதே நுரை பொங்க வருகிறது. ஆகவே அல்சூரில் குடியிருந்தாலும் எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருந்தாலும், நாலு பேரைத் திரட்டி ஆற்றில் ஒரு துடுப்புப் பயணம் நடத்த நினைக்கும் தமிழர்கள் கடைசியில் காவிரிக்கே போகிறார்கள். அப்படி நடத்த முன்வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான குழுக்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கின்றன. ஆற்றில் இறங்கிக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஓடும் நீரில் கவிழ்ந்த படகிலிருந்து ஆளை மீட்கப் பயிற்சி பெற்ற ஒருவருக்கு நான்கு படகுகள் என்பது என் கணக்கு. அப்படிப்பட்டவர்கள் மூவர்தான் கிடைத்தார்கள் என்றால் பன்னிரண்டு படகுகளோடு பதிவை மூடிவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இந்த எண்ணை மாற்றக் கூடாது. நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறவரை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கரையில் நின்று சோறு பரிமாறவும் பெயர் சரிபார்க்கவும் அவர் தாராளமாக உதவலாம்.

அடுத்தது ஆற்றின் எந்தப் பகுதி என்பது. சங்கமம், கலிபோரே, பீமேஸ்வரி ஆகிய இடங்கள் காவிரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தவை என்பதால், வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அங்கே துடுப்பை நனைக்கவே கூடாது. பாறைகளின் இடுக்கில் ஆறு நெருக்கியடித்துக்கொண்டு பாயும் மேகதாதுவை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். தடுப்பணை இருக்கும் பகுதியையும் தவிர்த்துவிடுங்கள்: மேலிருந்து பார்த்தால் அது ஒரு சிறிய படிக்கட்டைப் போலத்தான் தெரியும், ஆனால் அடியில் சுழலும் நீர் விழுந்தவரை மீண்டும் மீண்டும் சுவரை நோக்கியே இழுக்கும். மணல் அள்ளிய குழிகள், மீன் வலைகள், நீருக்குள் சாய்ந்த மரக்கிளைகள், முதலைகள் வெயில் காயும் பாறைகள் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஊர்ப் பரிசல்காரர்கள் அறிவார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பாக அவர்களில் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து, முழுத் தூரத்தையும் அவரோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும். பயண நாளன்றும் அவருடைய பரிசல் நம்மோடு வருவது நல்லது.

அனுமதிக் கடிதங்களைக் கன்னடத்தில் எழுதுங்கள். வனத்துறை, கிராமப் பஞ்சாயத்து, காவல் நிலையம் ஆகிய மூன்றுக்கும் நேரில் போய்க் கொடுப்பதே முறை. ஏற்பாட்டுக் குழுவில் கன்னட நண்பர்களும் சரிபாதி இருந்தால், இந்தப் பயணம் ஆற்றை நேசிக்கிற எல்லோருக்கும் உரியது என்பது ஊராருக்கு எடுத்த எடுப்பிலேயே விளங்கும். காவிரி நீர்ப் பங்கீட்டுப் பிரச்சினை சூடுபிடித்திருக்கும் வாரங்களில் தேதியைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

தேதியைத் தீர்மானிப்பவை அணைகள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, வெள்ளம் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஆனாலும் கிருஷ்ணராஜ சாகரிலிருந்தும் கபினியிலிருந்தும் திறந்துவிடும் நீர் எந்த மாதத்திலும் ஆற்றை உயர்த்தக்கூடும். 1,000 கன அடி கூடினால், நம்மைக் கடக்கும் நீர் விநாடிக்கு ஏறக்குறைய 28,000 லிட்டர் கூடுகிறது என்று பொருள். முதல் நாள் மாலையிலும் பயணத்தன்று காலையிலும் இரண்டு அணைகளின் வெளியேற்ற அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றோடு, நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். குச்சியைத் தாண்டி நீர் ஒரு சாண் ஏறினாலோ, தெளிந்திருந்த நீர் கலங்கிச் சருகும் சுள்ளியுமாக வரத் தொடங்கினாலோ, யாரையும் கலந்தாலோசிக்காமல் எல்லோரையும் கரையேற்றும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

அதிகாலையில் பெங்களூரிலிருந்து வண்டியோட்டிக்கொண்டு வருகிறவர் தூக்கக் கலக்கத்தோடுதான் படகில் ஏறுவார். ஆகவே தொண்டர்களாவது முதல் நாள் இரவே அங்கே தங்கிவிட வேண்டும். ஏழு மணிக்குப் படகுகள் இறங்கினால், வெயில் ஏறுவதற்குள், பதினோரு மணிக்குள், பயணம் முடிந்துவிடும். மாற்றுடைகளும் வண்டிச் சாவிகளும் முடிகிற இடத்தில் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும்.

நீரில் இறங்குமுன் ஒவ்வொருவரின் உயிர்காப்பு அங்கியையும் தொட்டுச் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. எல்லா வார்களையும் இறுக்கிய பின், எதிரே நின்று, இரண்டு தோள்பட்டைகளிலும் அங்கியைப் பற்றி மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறி வந்தால் வார்கள் இன்னும் தளர்வாக இருக்கின்றன, அல்லது அந்த அளவு அவருக்குப் பொருந்தவில்லை. பிறகு கரையிலேயே சைகைகளைச் சொல்லிக்கொடுங்கள்: துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் வரலாம், குறுக்காகப் பிடித்தால் நிற்க வேண்டும், விசில் மூன்று முறை ஒலித்தால் ஆபத்து. ஓட்டத்தில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால், இடுப்பளவு நீரே ஆளை மூழ்கடித்துவிடும். மல்லாந்து படுத்து, பாதங்களை நீரோடும் திசையில் நீட்டி உயர்த்திக்கொண்டு மிதந்து வர வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தரையில் படுத்தே செய்து காட்டட்டும். வெட்கப்படுகிறவர்கள் இருந்தால் தொண்டர்கள் முதலில் படுத்துக் காட்டலாம்.

பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் முன்படகிலும் ஒருவர் கடைசிப் படகிலும் இருக்க, முன்படகை யாரும் முந்தக் கூடாது, கடைசிப் படகுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஓட்டம் வேகமெடுக்கும் வளைவுகளில் பதினைந்து மீட்டருக்குக் குறையாத மிதவைக் கயிற்றோடு கரையில் ஒருவர் காத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி எடுக்காது; ஆகையால் சமிக்ஞை கிடைக்கும் இடம் எது, 108 வண்டி எந்தப் பாதையில் எதுவரை வரும், அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி எல்லாத் தொண்டர்களிடமும் கொடுத்துவிடுங்கள்.

உணவு எளியதாக இருந்தால் போதும். புளியோதரையும் தயிர்சோறும் வாழையிலையில் போதும், நெகிழித் தட்டு வேண்டாம். மது அருந்தியவரை, அவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், கரையிலேயே உட்கார வைத்துவிட வேண்டும்.

பயணம் முடிந்ததும் ஒவ்வொரு பெயராக வாசித்து, நேரில் ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகே பதிவேட்டை மூடுங்கள். சிராய்ப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், ஆற்று நீரில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்துங்கள். அன்று மாலையே தொண்டர்கள் உட்கார்ந்து, எங்கே யார் கவிழ்ந்தார்கள், மீட்க எவ்வளவு நேரமானது என்பதை எழுதிவைத்து, அதன் கன்னடப் பிரதியை அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.