பைத்தானில் '=' போட்டால் காப்பி ஆகாது

பைத்தான் என்ற நிரலாக்க மொழியைக் கற்க ஆரம்பிக்கும் பலர் சீக்கிரமே ஒரு இடத்தில் முட்டிக்கொள்வார்கள்: ஒரு லிஸ்டை (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) மாற்றினால், தொடவே தொடாத இன்னொரு லிஸ்டும் மாறியிருக்கும். அது கோளாறு இல்லை, பைத்தானில் பெயருக்கும் மதிப்புக்கும் உள்ள உறவே அப்படித்தான். பைத்தான் ஷெல்லை (ஒவ்வொரு வரியையும் அடித்ததும் இயக்கிக் காட்டும் இடம்) திறந்து கூடவே அடித்துப் பாருங்கள். (வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன், பைத்தான் 3 தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.)

முதலில் எண்கள்.

>>> அ = 5
>>> ஆ = அ
>>> அ = அ + 1
>>> ஆ
5

வலப்பக்கம் இருப்பதை முதலில் கணக்கிட்டு, கிடைக்கும் மதிப்பின் மேல் இடப்பக்கப் பெயரை லேபிள் மாதிரி ஒட்டுகிறது பைத்தான், அவ்வளவுதான். இரண்டாவது வரி முடிந்ததும் 5-க்கு இரண்டு லேபிள்கள். மூன்றாவது வரியில் 'அ' மட்டும் உரிந்து 6-இல் போய் ஒட்டிக்கொண்டது. டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) என்பதும் மதிப்புக்குத்தான், லேபிளுக்கு இல்லை; அதனால்தான் அடுத்த வரியிலேயே அ = "வணக்கம்" என்று போட்டாலும் பைத்தான் முறைக்காது.

சரி, இப்போது லிஸ்ட்.

>>> பழசு = [10, 20]
>>> புதுசு = பழசு
>>> புதுசு += [30]
>>> பழசு
[10, 20, 30]

இங்கே இருப்பது ஒரே லிஸ்ட், பெயர்தான் இரண்டு. எண்ணை உள்ளுக்குள் மாற்ற முடியாது, கூட்டினால் வேறு எண்தான் வரும்; லிஸ்டை இருந்த இடத்திலேயே மாற்றலாம், += அதைத்தான் செய்தது. இதையே கொஞ்சம் மாற்றி எழுதினால் கதை வேறு:

>>> புதுசு = புதுசு + [40]
>>> புதுசு
[10, 20, 30, 40]
>>> பழசு
[10, 20, 30]

'+' புதிதாக ஒரு லிஸ்டை உருவாக்கிவிட்டது, 'புதுசு' அதற்குத் தாவிவிட்டது. += என்று எழுதுவதும் இப்படி = போட்டு + எழுதுவதும் ஒன்றுதான் என்று பல பாடங்களில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள், எண்களுக்கு அப்படி நினைத்தாலும் குடி முழுகாது, லிஸ்டுக்கு அப்படி நினைக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் இரண்டு பெயரையும் தனித்தனியாக ஐடி ஃபங்ஷனில், அதாவது id(பழசு), id(புதுசு) என்று, கொடுத்துப் பாருங்கள்: ஒரே எண் வந்தால் ஒரே பொருள்.

நிஜமாகவே நகல் வேண்டுமா?

>>> நகல் = பழசு[:]

[:] என்றால் முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் எடுத்துப் புது லிஸ்ட் ஆக்கு என்று அர்த்தம். இனி 'நகல்' மேல் என்ன செய்தாலும் 'பழசு' அப்படியே இருக்கும். ஆனால் லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் இது வெளி லிஸ்டை மட்டும்தான் நகலெடுக்கும், உள்ளே இருப்பவை பொதுவாகவே இருக்கும். உள்ளே இருப்பவையும் நகலாக வேண்டுமென்றால் காப்பி (copy) மாட்யூலில் உள்ள டீப்காப்பி (deepcopy) வேண்டும். அப்புறம், ஃபங்ஷனுக்கு லிஸ்டை அனுப்பும்போதும் நகல் போவதில்லை, உள்ளே ஒரு பெயர் கூடுதலாக ஒட்டுகிறது, அங்கே += போட்டால் வெளியே இருக்கும் லிஸ்டும் மாறும்.