இரண்டு வருட கிரீன் கார்டில் நான் விட்ட கோட்டை

போன வாரம் எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் கிரீன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இது முடியப்போகுது. புதுப்பிக்க ஐ-90 படிவம்தானே போடணும்?" எனக்குப் பகீரென்றது. அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் "ஆமாம், அதேதான்" என்றார். நம்பினேன்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்து கிரீன் கார்டு வாங்குபவர்கள் கையெழுத்தை மறப்பது, கட்டணத்தை மாற்றிக் கட்டுவது பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

புதுப்பிப்பது வேறு, நிபந்தனையை நீக்குவது வேறு

வசிப்புரிமை கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால், கிடைப்பது நிபந்தனையோடு கூடிய இரண்டு வருட கார்டு. கார்டின் முன்பக்கத்தில் வகை என்ற இடத்தைப் பாருங்கள். ஊரிலிருந்து விசாவில் வந்திருந்தால் சிஆர்1 என்றும், இங்கிருந்தே விசாவைக் கிரீன் கார்டாக மாற்றிக்கொண்டிருந்தால் சிஆர்6 என்றும் இருக்கும். அந்த எழுத்து இருந்தால் உங்களுக்கு ஐ-90 கிடையாது, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 தான். கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்டு, கார்டு முடியும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அதற்கும் முன்னால் அனுப்பினால் திரும்பி வந்துவிடும். அனுப்பாமலே விட்டால் அந்தஸ்து தானாகவே போய்விடும், நாடு கடத்தும் வழக்கு வரை போகலாம்.

நான் ஓட்டுநர் உரிமம் மாதிரி நினைத்து ஐ-90 அனுப்பினேன். அது ஏற்கப்படவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை. தபால் வந்தபோது கார்டின் தேதி தாண்டிவிட்டிருந்தது. அப்புறம் தாமதத்துக்கான காரணத்தை எழுதி ஐ-751 அனுப்பினோம். அந்தக் காரணத்தை ஏற்பதா வேண்டாமா என்பது குடிவரவுத் துறையின் முடிவு. அந்த மாதங்களில் தபால் பெட்டியைத் திறக்கவே பயமாக இருந்தது. ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்த ஒரு குடும்பம் ஒரு படிவத்தின் எண்ணால் அப்படித் தவித்தது. "ஆமாம், அதேதான்" என்ற அந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரியான நேரத்தில் போட்டிருந்தால் ரசீதுக் கடிதமே பழைய கார்டை நீட்டித்துவிடும். 2023 ஜனவரியிலிருந்து அது 48 மாத நீட்டிப்பு. அந்தக் கடிதத்தைத் தொலைக்காதீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கல்யாண ஆல்பத்தை மட்டும் நம்பியிருப்பது. தாலி கட்டிய படத்தைக் குடிவரவு அதிகாரிகள் முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டார்கள். இப்போது கேட்பது, இந்த இரண்டு வருடம் எப்படி வாழ்ந்தீர்கள் என்று. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, கூட்டுக் கணக்கில் மளிகைக்கும் மின்சாரத்துக்கும் பணம் போன பதிவுகள், காப்பீட்டில் ஒருவர் மற்றவரை வாரிசாகக் காட்டியது, குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ். எங்கள் கூட்டுக் கணக்கில் கடைசி மூன்று மாதம்தான் நடமாட்டம் இருந்தது. முதல் நாளே ஒரு கோப்பு போட்டு, மாதம் ஒரு தாளாவது அதில் சேருங்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போவது

அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, வெளியே போய்த் திரும்புவதற்கான முன் அனுமதியான அட்வான்ஸ் பரோல் கைக்கு வராமல் விமானம் ஏறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்களுக்கும் அவர்களைச் சார்ந்து வந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. மாணவர் விசாவுக்கு இல்லை.

வீடு மாறினால்

10 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஐ-864 சும்மா ஒரு கையெழுத்து என்று நினைப்பது

அது, கிரீன் கார்டு வாங்குபவரின் செலவை நான் தாங்குவேன் என்று ஸ்பான்சர் செய்பவர் தரும் உறுதிமொழி. விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தீராது.

கையெழுத்துக்காக அடி வாங்குவது

"அவர் கையெழுத்து போட்டால்தான் கார்டு" என்று சகித்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. உண்மையாகச் செய்துகொண்ட கல்யாணம் விவாகரத்தில் முடிந்திருந்தாலோ, வீட்டில் வன்முறை இருந்தாலோ ஐ-751-ஐத் தனியாகவே போடலாம். அதற்கு 90 நாள் கணக்கும் கிடையாது. குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் மட்டும் முதலில் பேசிவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் கார்டில் சிஆர்6 என்றிருந்தது. இன்னும் 41 நாள் பாக்கி. அன்று இரவே அவளும் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் வாடகை ஒப்பந்தத்தையும் வங்கித் தாள்களையும் தேதி வாரியாக அடுக்கினார்கள்.