கன்சோல் ஷூட்டருக்கு மார்க் போடும் முன்

2000-ல் டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கு ‘ஏலியன் ரிசரெக்‌ஷன்’ என்றொரு ஷூட்டர், அதாவது துப்பாக்கிச் சண்டை கேம், வந்தது. கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கில் நடக்கணும், வலது ஸ்டிக்கில் பார்க்கணும். கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளத்தின் விமர்சகருக்கு இது பிடிக்கவே இல்லை. இந்த கேமிலேயே பயங்கரமானது அதன் கன்ட்ரோல்தான் என்கிற தொனியில் எழுதித் தள்ளினார். இன்று எந்த கன்சோல் ஷூட்டரைப் போட்டாலும் கைக்கு வருவது அதே ஏற்பாடு. பழக்கமில்லாததை மட்டம் என்று சொல்லிவிடுவது இன்னும் நின்றபாடில்லை.

கேமைத் திட்டும் முன் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். திரும்பும் வேகம் பெரும்பாலும் புதியவர்களை மனதில் வைத்து மெதுவாகவே இருக்கும். ஸ்டிக்கை எவ்வளவு அசைத்த பிறகு கேம் அதைக் கணக்கில் எடுக்கிறது என்பதைச் சொல்லும் டெட்ஸோனையும் சரிபார்க்கணும். அப்புறம் டிவி. நொடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது 60 படங்களாக, ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிசெகண்டுதான். படத்தை மெருகேற்றும் வேலைகளை எல்லாம் ஆன் செய்து வைத்தால் டிவியே 50 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதப்படுத்தக்கூடும். டிரிக்கரை அழுத்தி மூன்று ஃப்ரேம் போன பிறகுதான் துப்பாக்கி வெடிப்பது கண்ணுக்குத் தெரியும். பழி கேம் மேல் விழும். டிவியில் கேம் மோடு போட்டுவிட்டு இன்னொரு முறை ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

பிசியில் மவுஸ் பிடித்து வளர்ந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று தனி. குறிவைக்க கேமே கொஞ்சம் கைகொடுக்கும் எய்ம் அசிஸ்ட் என்றாலே ஏமாற்று வேலை என்பார்கள். கட்டைவிரலுக்கு மவுஸின் துல்லியம் வராது. அந்தக் குறையை கேம் எப்படி ஈடுகட்டுகிறது என்பதில்தான் கன்சோல் ஷூட்டரின் பாதித் திறமை இருக்கிறது. 2001-ல் எக்ஸ்பாக்ஸோடு வந்த முதல் ‘ஹேலோ’வைப் போட்டுப் பாருங்கள். குறி எதிரியின் மேல் வந்ததும் சிவப்பாகும். அந்த இடத்தில் மட்டும் திரும்பும் வேகம் லேசாகக் குறையும். எதிரி நகர்ந்தால் குறியும் கொஞ்சம் கூடவே இழுபடும். நூலிழையில் தவறவேண்டிய குண்டும் அவன் பக்கம் வளையும். இத்தனையும் நடப்பது ஆடுபவனுக்கு உறைக்காது. ‘நாம நல்லா சுடுறோம்’ என்றுதான் தோன்றும். எனவே எய்ம் அசிஸ்ட் இருக்கிறதா என்பதை விட, அது கண்ணில் உறுத்துகிறதா என்று பாருங்கள். இரண்டு எதிரிகள் குறுக்கே கடக்கும்போது குறி தப்பானவன் பின்னால் ஓடுகிறதென்றால், அங்கே தாராளமாக மார்க் குறைக்கலாம்.

ஈசி என்ற சுலபமான லெவலில் மட்டும் ஆடி முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதும் சரியில்லை. அதே ஹேலோவில் எலீட் என்ற பெரிய எதிரியை வீழ்த்தினால் கூட இருக்கும் குட்டி கிரண்டுகள் கையைத் தூக்கிக்கொண்டு அலறி ஓடும். எலீட் பக்கவாட்டில் பாய்ந்து தப்பும், ஷீல்டு போனால் மறைவைத் தேடும். நாலு குண்டில் ஆள் காலி என்றால் இதையெல்லாம் பார்க்க வாய்ப்பே கிடைக்காது. எதிரிகளுக்கு மூளை இருக்கிறதா என்று சொல்ல நார்மலாவது வேண்டும்.

கிராஃபிக்ஸ் விஷயம் எல்லோரும் அறிந்ததே, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005-ல் இ3 என்ற கேம் கண்காட்சியில் காட்டிய ‘கில்ஸோன் 2’ ட்ரெய்லர் ஓடும் கேமே அல்ல, முன்கூட்டியே தயாரித்த அனிமேஷன். 2009-ல் வந்த கேம் பார்க்க அருமையாகத்தான் இருந்தது. ஆனால் குறிவைப்பது கனமாக இழுக்கிறது என்று பலரும் புலம்ப, அப்டேட்டில் துல்லியமான கன்ட்ரோலுக்குத் தனித் தேர்வே சேர்க்க வேண்டியதாயிற்று. இதற்கு நேர் எதிர் 2007-ன் ‘கால் ஆஃப் டியூட்டி 4’. எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 இரண்டிலும் அது 720பி என்ற எச்டி அளவுக்குக் கீழேதான் படம் வரைந்தது; மிச்சம் பிடித்த சக்தியை 60 ஃப்ரேமில் போட்டது. ஷூட்டரில் இந்தப் பேரத்தை நான் எப்போதும் ஏற்றுக்கொள்வேன்.

பாதியை ஆடிவிட்டு முழுசுக்கும் மார்க் போடுகிறவர்களும் உண்டு. 2016 ‘டூம்’ வெளிவரும் முன் பலர் சேர்ந்து மோதும் மல்டிபிளேயரின் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, ஆடியவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மே மாதம் கேம் வந்தபோது தனியாக ஆடும் கதைப் பகுதியான கேம்பெயினை ஊரே கொண்டாடியது. 2014-ல் வந்த ‘ஹேலோ: மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்’ கதை தலைகீழ். விமர்சனங்களில் நல்ல பெயர் வாங்கிய கேம், கடைக்கு வந்ததும் ஆன்லைனில் ஆள் சேர்க்க முடியாமல் வாரக்கணக்கில் திணறியது. ஆன்லைன் பகுதிக்கான தீர்ப்பை, பொதுமக்கள் உள்ளே வந்து ஒரு வாரமாவது கழியும்வரை தள்ளிப்போடுவதே நல்லது.

பழைய கேம்களுக்கு இன்றைய அளவுகோலை வைப்பதிலும் கவனம் வேண்டும். 1997-ன் ‘கோல்டன்ஐ 007’ நின்டெண்டோ 64-ல் வந்தது. அந்தக் கன்ட்ரோலரில் இருந்ததே ஒரே ஒரு ஸ்டிக். 2023-ல் மறுபடி வெளியானபோது எக்ஸ்பாக்ஸில் இரட்டை ஸ்டிக் வசதி வந்தது, ஸ்விட்சில் பழைய ஏற்பாடே இருந்தது. எதில் ஆடினோம் என்று சொல்லாமல் ‘கன்ட்ரோல் மோசம்’ என்று எழுதினால் படிப்பவருக்குப் பிரயோஜனமில்லை. அந்த கேமில் நாலு பேர் ஒரே டிவியில் திரையைப் பிரித்துக்கொண்டு மோதலாம். 2015-ன் ‘ஹேலோ 5’-ல் அது கிடையாது. வீட்டில் அண்ணன் தம்பியோடு ஆட வாங்குகிறவர் முதலில் தேடுவது இந்த விவரத்தைத்தான். பல விமர்சனங்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.