ரயில் உணவுப் பெட்டியில் பணம் கசியும் இடங்கள்

ரயிலில் உணவு விற்பனையை நடத்துபவர்கள், சாப்பாட்டுச் செலவு ஏறினால் பலரும் முதலில் சரக்கு வாங்கும் விலையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது இருப்புக் கணக்கை.

புறப்படும்போது தண்ணீர் பாட்டில் 120, வழியில் ஏற்றியது 40, முடிவில் மிச்சம் 35 என்றால் போனது 125. பில்லில் 112, கழிவுப் பதிவேட்டில் 5. மீதி 8 எங்கே? இந்தக் கேள்வியை அன்றே கேட்க வேண்டும். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. எண்ணுபவர் சரக்கு ஏற்றியவராகவோ விற்றவராகவோ இருக்கக் கூடாது. தள்ளுவண்டிகளுக்கு வரிசை எண் போட்ட சீல் வைத்து, பூட்டும்போதும் திறக்கும்போதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதிலும் சிக்காத ஒரு தில்லுமுல்லு உண்டு. ஊழியர் வெளியே வாங்கிய அதே பிராண்டு பாட்டிலைக் கொண்டுவந்து பில் இல்லாமல் விற்பார். இருப்பு கச்சிதமாக இருக்கும், வருமானம்தான் குறையும். அதே ரயில், அதே கிழமைக்கு, பயணி ஒருவருக்குச் சராசரி விற்பனை எவ்வளவு என்று ஊழியர் குழு வாரியாக ஒப்பிடுங்கள். ஒரு குழு மட்டும் தொடர்ந்து கீழே இருந்தால், நடுவழியில் முன்னறிவிப்பின்றி எண்ணிப் பார்க்கலாம்.

கழிவுப் பதிவேட்டில் வெறும் ‘வீண்’ என்று எழுத விடாதீர்கள். கெட்டது, கொட்டியது, விற்காதது எனக் காரணம் தனித்தனியாக வேண்டும். விற்காமல் திரும்புவதே அதிகமென்றால் திருட்டைத் தேடிப் பயனில்லை. முன்பதிவு எண்ணிக்கையைப் பார்க்காமல் சரக்கு ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம்.