முதல் டைவ் வாட்ச்: ஸ்டீலா, டைட்டானியமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் வருடம் முழுக்க வியர்க்கும். பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே வாட்சுக்குக் கீழே தோல் நசநசக்கும். அதனால் டைவ் வாட்ச், அதாவது கடலில் முக்குளிப்பவர்களுக்கான வாட்ச், வாங்க நண்பர்கள் யோசனை கேட்டால், கடல் ஆழத்துக்கு முன்னால் எடையைப் பற்றித்தான் பேசுவேன். விலை 100 சிங்கப்பூர் வெள்ளியோ 900 வெள்ளியோ, கையில் சுகமாக உட்காராத வாட்ச் சீக்கிரமே மேசை டிராயருக்குப் போய்விடும். முதல்முறை வாங்குகிறவர் எதை எந்த வரிசையில் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

1. மணிக்கட்டை அளந்துகொள்ளுங்கள்

சுற்றளவைவிட முக்கியம், மணிக்கட்டின் மேற்புறம் எவ்வளவு அகலம் தட்டையாக இருக்கிறது என்பது. அதன் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வாட்சின் விவரப் பட்டியலில் விட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்ட்ராப் மாட்டும் ஒரு கொம்பின் நுனியிலிருந்து எதிர்க்கொம்பின் நுனி வரை உள்ள 'லக் டு லக்' நீளம்தான் தீர்மானிக்கும். அது நீங்கள் குறித்த அளவைத் தாண்டக் கூடாது. சீக்கோவின் புகழ்பெற்ற எஸ்கேஎக்ஸ்007 விட்டத்தில் 42.5 மில்லிமீட்டர், ஆனால் லக் டு லக் 46தான். சின்னக் கைக்கும் அது பொருந்தியதன் காரணம் இதுதான்.

2. பின்மூடியைப் படியுங்கள்

ஐஎஸ்ஓ 6425 என்ற தரநிலைதான் அசல் டைவ் வாட்சுக்கு அளவுகோல். குறைந்தது 100 மீட்டர் ஆழத்தைத் தாங்க வேண்டும். குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக வைத்துச் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும். இந்தச் சோதனைகளில் தேறிய வாட்சில் 'டைவர்ஸ் 200எம்' என்பதுபோல எழுதியிருப்பார்கள்.

தோற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2019இல் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பழைய எஸ்கேஎக்ஸின் சாயலிலேயே இருக்கும். ஆனால் அது 100 மீட்டர்தான், கிரவுனும் (நேரம் சரிசெய்யப் பக்கவாட்டில் இருக்கும் குமிழ்) திருகி மூடும் வகை இல்லை. நீச்சல்குளத்துக்குத் தாராளமாகப் போதும், முக்குளிப்புக்கு வாங்காதீர்கள். கேசியோ டூரோ, பேட்டரியில் ஓடும் மலிவான குவார்ட்ஸ் வாட்ச். ஐஎஸ்ஓ முத்திரை இல்லை, ஆனால் 200 மீட்டர், திருகு கிரவுன். கொடுக்கிற காசுக்கு அதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர் என்பதால், 200க்கு மேல் ஆழத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

3. கையால் சோதியுங்கள்

முதலில் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம். தண்ணீரில் இறங்கும்போது அதன் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று முள்ளே காட்டிவிடும். அது இடப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும். நீருக்கடியில் எதன்மீதாவது இடித்து நகர்ந்தாலும், ஆன நேரம் அதிகமாகத்தான் தெரியும். நீங்கள் சீக்கிரம் மேலே வருவீர்கள், ஆபத்து இல்லை. கடையில் ஒரு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு 'டிக்'கும் ஒரே அழுத்தத்தில் கேட்க வேண்டும், விட்டதும் லொடலொடவென்று ஆடக் கூடாது. (முக்குளிக்காதவருக்கும் பெசல் வீணாகாது. இட்லிப் பானையை அடுப்பில் வைத்ததும் நான் அதைத்தான் திருப்புகிறேன்.)

அடுத்து கிரவுன். திருகி மூடும்போது உடனே வலப்பக்கம் முறுக்காதீர்கள். லேசாக உள்ளே அழுத்தி, முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மரை சரியான இடத்தில் விழும்போது விரலில் ஒரு சின்ன அசைவு தெரியும். அதற்கப்புறம் வலப்பக்கம் திருகினால் வெண்ணெய்போல இறங்கும். இந்தப் பழக்கம் எந்த வாட்சுக்கும் நல்லது. டைட்டானியத்துக்கு ரொம்பவே அவசியம், ஏனென்றால் டைட்டானியமும் டைட்டானியமும் உரசினால் மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் சுபாவம் உண்டு.

முள்ளில் இருக்கும் ஒளிப்பூச்சையும் உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் முக்குளிக்க இறங்கியவர்களுக்குத் தெரியும், நம் கடல் எவ்வளவு கலங்கல் என்று.

4. உலோகத்தை முடிவு செய்யுங்கள்

டைட்டானியம் புதுசு அல்ல. சிட்டிசன் 1970லேயே டைட்டானியம் வாட்ச் செய்துவிட்டது. 1968இல் ஹிரோஷிமா பகுதியின் குரே நகரிலிருந்து முக்குளிப்பாளர் ஒருவர், 300 மீட்டருக்கும் ஆழமான வேலைக்கு எந்த வாட்சும் தாங்கவில்லை என்று சீக்கோவுக்குக் கடிதம் எழுதினார். ஏழு வருட உழைப்புக்குப் பின் 1975இல் அவர்கள் கொண்டுவந்த 600 மீட்டர் வாட்சின் உடல் டைட்டானியம்தான்.

எடை கணக்கு எளிது. ஸ்டீலின் அடர்த்தி ஏறக்குறைய 8, டைட்டானியத்துக்கு 4.5. ஸ்டீலில் 100 கிராம் வரும் உடலும் செயினும் டைட்டானியத்தில் 56 கிராம் அளவில் நின்றுவிடும். கனமான வாட்ச் கையை வீசும்போது சரியும். சரியாமல் இருக்க இறுக்குவோம். இறுக்கினால் வியர்வை தங்கும். லேசான வாட்சை விரல் நுழையும் அளவு தளர்வாகவே கட்டலாம். இந்த ஊரில் டைட்டானியத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும். நிக்கலால் தோல் அரிக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: வாட்சுகளில் வழக்கமாக வரும் 316எல் வகை ஸ்டீலில் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு.

ஆனால் 'டைட்டானியம் கீறவே கீறாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலப்பில்லாத கிரேடு 2 வகை ஸ்டீல் அளவுக்கே கீறும். அலுமினியமும் வெனேடியமும் கலந்த கிரேடு 5 இன்னும் கடினம், கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் 350 வாக்கில் வரும். சிட்டிசனின் டியூராடெக்ட் போல மேற்பரப்பைக் கடினப்படுத்தியவைதான் உண்மையில் கீறலை எதிர்ப்பவை. அந்தப் படலமும் மெல்லியதுதான். சுவரில் பலமாக இடித்தால் அடியில் உள்ள உலோகம் குழியும், பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் முடியாது. விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த கிரேடு? மேலே பூச்சு இருக்கிறதா?

கையில் 300 வெள்ளிதான் இருக்கிறது என்றால் நல்ல ஸ்டீல் வாட்சையே வாங்கி, ரப்பர் ஸ்ட்ராப் போடுங்கள். பூச்சில்லாத சுமாரான டைட்டானியத்தைவிட அது மேல். இன்னும் செலவழிக்க முடிந்தால் சிட்டிசன் ப்ரோமாஸ்டரின் சூப்பர் டைட்டானியம் (டியூராடெக்ட் செய்த டைட்டானியம்) வகைகளைப் பாருங்கள். நம் ஊர் நிறுவனங்களான ஆர்இசட்இ, ஸீலோஸ் இரண்டும் டைட்டானியம் டைவ் வாட்ச் செய்கின்றன என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

5. வாங்கும் இடம்

முஸ்தஃபா கடையில் சீக்கோ, சிட்டிசன், கேசியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒரு கையில் ஸ்டீல், மறு கையில் டைட்டானியம் கட்டிப் பார்த்தால் எந்தக் கட்டுரையும் தேவைப்படாது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 சதவீதப் பொருள் சேவை வரியையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்றும் கேளுங்கள்.

6. பராமரிப்பு

கடலோ குளமோ, வெளியே வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். செயின் இடுக்கில் சேரும் வியர்வை அழுக்குக்கு மென்மையான பல்துலக்கியும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். வெந்நீர்க் குளியலும் நீராவி அறையும் வேண்டாம், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் சீக்கிரம் கெட்டுவிடும். பேட்டரி மாற்றப் பின்மூடியைத் திறந்தால், வளையத்தையும் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக் கருவி இல்லாத கடையில் டைவ் வாட்சைத் திறக்கவே விடாதீர்கள்.