குவில்ட்டில் தொங்கும் நூல்களை உள்ளே ஒளிப்பது எப்படி?

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். அதைத் தைத்து முடித்து விரித்துப் பார்த்தால் அங்கங்கே நூல் தொங்கும். ஒட்ட நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று கை பரபரக்கும். நறுக்கிவிடாதீர்கள். முடிச்சு இல்லாமல் வெட்டிய தையல், துவைக்கத் துவைக்க நுனியிலிருந்து பிரியும். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் துவைத்ததை மூங்கில் கம்பில் கோத்து வெளியே நீட்டுகிறோம். ஈரக் குவில்ட்டின் எடையே தையலை இழுக்கப் போதும்.

சட்டைக்குப் போடுவதுபோல் ரிவர்ஸ் தையல் போட்டு நிறுத்தலாமே? நிறுத்தலாம், பிடித்தும் நிற்கும். ஆனால் அந்த இடம் மட்டும் தடித்துத் தெரியும். குழந்தை தரையில் போட்டு இழுக்கும் போர்வைக்கு அது போதும். பரிசாகக் கொடுப்பதற்கும் சுவரில் மாட்டுவதற்கும் முடிச்சை நடுப்பஞ்சுக்குள் இறக்குவதுதான் அழகு.

நீளமான, மெல்லிய கையூசி ஒன்று, கூர்நுனிக் கத்தரிக்கோல், நல்ல வெளிச்சம், இவ்வளவுதான் தேவை. காதின் உச்சியில் பிளவு உள்ள ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. நூலைக் கோக்க வேண்டாம், பிளவில் வைத்து அழுத்தினால் காதுக்குள் இறங்கிவிடும். சில நேரம் நூலைப் பிய்க்கும், ஆனாலும் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு வரப்பிரசாதம். பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் பக்கம் துணி வாங்கப் போகும்போது தையல் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள்.

முதல் படி, தைக்கும்போதே நூலை நீளமாக விடுவது. ஒவ்வொரு தையல் கோட்டையும் தொடங்கும்போது மேல்நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊசியை ஒரு முறை இறக்கி ஏற்றுங்கள். மேல்நூலை மெல்ல இழுத்தால், தையல் இயந்திரத்தின் அடியிலிருந்து வரும் பாபின் நூல் சின்ன வளையமாக மேலே வரும். அதையும் இழுத்து வெளியே எடுத்துவிடுங்கள். முடிக்கும்போதும் இதேபோல் பாபின் நூலை மேலே கொண்டுவந்து, அப்புறம் வெட்டுங்கள். 15 செண்டிமீட்டருக்குக் குறையாமல் விட வேண்டும். ஒரு சாண் விட்டால் நிம்மதி. நூல் வீணாகிறதே என்று இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, முடிச்சு. இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து, தளர்வாக ஒரு வளையம் போடுங்கள். வளையத்துக்குள் ஊசிமுனையை விட்டு, அதைத் துணிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இறுக்குங்கள். முடிச்சு துணியிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் தள்ளி விழ வேண்டும். துணியோடு ஒட்டி விழுந்தால் உள்ளே இறங்க நூல் மிச்சம் இருக்காது.

மூன்றாவது படிதான் கைப்பழக்கம் கேட்பது. இரண்டு நூலையும் ஊசியில் கோத்து, நூல் வெளியே வந்திருக்கும் அதே துளையில் குத்துங்கள். பக்கத்தில் குத்தினால் மேலே ஒரு புள்ளித் தையல் தெரியும். ஊசியைப் படுக்க வைத்துப் பஞ்சுக்குள்ளேயே இரண்டரை, மூன்று செண்டிமீட்டர் ஓட்டி, மேலே எடுங்கள். நம் ஊர் வெக்கைக்குப் பெரும்பாலும் மெல்லிய பஞ்சுதான் வைப்போம், அதனால் ஊசி அடித்துணியைத் தாண்டிப் போவது சுலபம். இடது கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்; முனை விரலில் உரசினால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். முடிச்சு துணியைத் தொட்டு நின்றதும் நூலை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டுங்கள். ‘டப்’ என்ற மெல்லிய சத்தத்தோடு உள்ளே போகும். போகவில்லையா? பலமாக இழுக்காதீர்கள், நூல் அறுந்துவிடும். ஊசிமுனையால் அந்தத் துளையின் இழைகளைக் கொஞ்சம் விலக்கிவிட்டு மறுபடி சுண்டுங்கள். பாத்திக் துணி நெருக்கமான நெசவாக இருந்தால் இது அடிக்கடி தேவைப்படும்.

வெளியே நிற்கும் நுனியை லேசாக இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள். விட்டதும் நுனி உள்ளே சுருங்கிக்கொள்ளும்.

கறுப்பு, சிவப்பு மாதிரி அடர்நிற நூலை வெள்ளைத் துணிக்கு அடியில் ஓட்டினால் நிழல்போல வெளியே தெரியும். பக்கத்தில் அடர்நிறத் துண்டு இருந்தால் ஊசியை அந்தப் பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் தைத்த கோட்டுக்கு நேர் அடியிலேயே ஓட்டுங்கள், அதே நிறத் தையல் மறைத்துக்கொள்ளும்.

நூல் குட்டையாக அறுந்துவிட்டதா? ஊசியைக் கோக்காமலே முதலில் துணிக்குள் செலுத்துங்கள், காது மட்டும் துளையின் பக்கத்தில் வெளியே நிற்கட்டும். இப்போது நூலைக் காதில் கோத்து, ஊசியை முழுவதும் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு செண்டிமீட்டர் நூல் இருந்தாலும் சமாளிக்கலாம்.

எல்லாவற்றையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்து வைத்தால் மலைப்பாகிவிடும். ஒவ்வொரு பகுதி தைத்ததும் அங்கே தொங்கும் நூல்களை முடித்துவிட்டு நகர்வது என் வழக்கம். குவில்ட்டின் விளிம்பு வரை ஓடி முடியும் கோடுகளுக்கோ இத்தனை பாடும் வேண்டாம். ஓரப்பட்டி வைத்துத் தைக்கும்போது அந்த நுனிகள் அதற்குள் சிக்கி நின்றுவிடும். வெளியே நீட்டுவதை மட்டும் வெட்டிவிடுங்கள்.